வாட்ஸ் கணக்கும் வீட்டுக் கணக்கும்

வீட்டுக்குள்ளேயே ஒரு சினிமாக் கொட்டகை வேண்டும் என்ற ஆசை நம் நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களையும் விட்டு வைக்கவில்லை. அதில் தவறு ஒன்றுமில்லை. நம்மூர்ப் படம் இங்கே எல்லாத் தியேட்டர்களிலும் வருவதில்லை. வந்தாலும் ஓரிரு காட்சிகளோடு போய்விடும். ஆகவே வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு வீட்டு டி.வி.தான் தமிழ்த் தியேட்டர். மார்கழி பிறந்தால் அதுவே சபா. பெரிய டி.வி. வாங்கியாயிற்று, அதற்கேற்ற ஒலி வேண்டாமா என்ற கேள்வி அடுத்தபடி வருகிறது. பலர் வழி தவறுவது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால், அக்கம்பக்கத்தில் யாராவது ஆடியோ சாமான் வாங்கக் கிளம்பினால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ஸார், எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?” அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், அதற்கும் பிறகே அந்த ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிபயர் அல்லது ரிசீவர். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறார். ஏனென்றால் வாட்ஸ் ஒன்றுதான் அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடக்கூடிய எண்.

ரயில் உதாரணம் சொன்னால் நம்மவர்களுக்குச் சுலபமாக விளங்கும். எஞ்சினை முதலில் வாங்கிவிட்டு அதற்கு வண்டி தேடுகிறோமா? எத்தனை பெட்டி, எவ்வளவு எடை, பாதையில் எவ்வளவு ஏற்றம் என்று பார்த்துத்தான் எஞ்சினைப் பூட்டுகிறோம். மும்பையிலிருந்து பூனா வரும்போது கர்ஜத் ஸ்டேஷனில் பல வண்டிகளுக்குப் பின்னால் ‘பாங்கர்’ எஞ்சின்களைச் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையே போர் காட் மலைப்பாதையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். சமதளத்தில் ஒரே எஞ்சின் அநாயாசமாக இழுத்து வந்த அதே வண்டியை அங்கே பின்னாலிருந்தும் தள்ள வேண்டியிருக்கிறது. லோணாவளா வந்ததும் பாங்கரைக் கழற்றி விடுவார்கள். மற்ற தூரத்துக்கு அதன் தேவை இல்லை.

சினிமா ஒலியும் இப்படித்தான். படத்தின் பெரும்பகுதி சமதளம்: பேச்சு, மெல்லிய பின்னணி இசை, மழைச் சத்தம். நடுநடுவே ஒரு வெடிச் சத்தம், ஒரு தவில் அடி, ஒரு கதவு அறைதல். அவை காட் ஏற்றம். சாதாரணப் பேச்சுக்கும் அந்த உச்சத்துக்கும் இடையே 20 டெசிபல் வித்தியாசம் இருப்பது சகஜம். 20 டெசிபல் என்றால் மின்சக்தியில் நூறு மடங்கு. ஆக, ஆம்ப்ளிபயர் வேலை நேரத்தில் பெரும்பகுதி தூங்கிக்கொண்டும், கண நேரத்துக்கு நூறு மடங்கு உழைத்துக்கொண்டும் இருக்க வேண்டிய ஆசாமி. அந்தக் கண நேரத்தில் அவர் கைவிடாமல் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒவ்வொரு நல்ல ஸ்பீக்கரின் குறிப்பிலும் ‘சென்சிடிவிட்டி’ என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதே அது. வீட்டு ஸ்பீக்கர்களில் சுமாராக 84 முதல் 90 வரை பார்க்கலாம். 87 என்று வைத்துக்கொள்வோம். நாம் 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்காருகிறோம். திறந்த வெளியில் அந்தத் தூரத்துக்கு ஒன்பதரை டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் குறைவு அத்தனை இராது. ஆனாலும் மோசமான கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆக, 1 வாட்டுக்கு நம் காதில் விழுவது 77.5 டெசிபல். பேச்சு தெளிவாகக் கேட்க 70 டெசிபல் தாராளம். அதற்குச் செலவாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! உச்சத்தில் 95 டெசிபல் வேண்டுமென்றாலும் (அதுவே குடும்பத்தார் காதைப் பொத்திக்கொள்ளும் அளவு) 56 வாட் போதும்.

இனி ஸ்பீக்கரை மட்டும் மாற்றிப் பாருங்கள். 90 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் அதே சத்தத்துக்கு 28 வாட். 84 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 112 வாட். ஸ்பீக்கர் தேர்விலேயே நான்கு மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. ஸ்பீக்கர் இன்னதென்று தெரியாமல் “எத்தனை வாட்ஸ்?” என்று கேட்பது, ஆள் இன்னாரென்று தெரியாமல் சட்டை தைக்கக் கொடுப்பதற்குச் சமம். அதோடு, 100 வாட் ரிசீவருக்கும் 120 வாட் ரிசீவருக்கும் ஒலியில் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இல்லை. அந்த 20 வாட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்தான். அதிலாவது பொறுக்கி எடுத்தவர்களுக்குப் பிரசாதம் கிடைக்கும்.

அடுத்து, அந்த எண் எவ்வளவு நாணயமானது என்பதைப் பார்ப்போம். ‘பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்’ என்று எழுதிய சிறு டேப் ரிக்கார்டர்கள் 1990-களில் சந்தை முழுதும் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் மின்சாரம் எடுக்கும் அளவு 20 வாட் என்றிருக்கும். இருபது வாட் உள்ளே போய் ஆயிரம் வாட் வெளியே வருவதென்றால் தெர்மல் பவர் ஸ்டேஷன்களையெல்லாம் இழுத்து மூடிவிடலாமே! அந்தப் பி.எம்.பி.ஓ. என்பது எந்தத் தர நிர்ணயத்துக்கும் கட்டுப்படாத விளம்பர எண். இப்படிப்பட்ட கூத்து அமெரிக்காவிலும் நடந்ததால்தான் அங்கே 1974-ல் ஆம்ப்ளிபயர் விளம்பரங்களுக்கென்றே ஒரு விதி கொண்டு வந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து 2024-ல் அதை மேலும் இறுக்க வேண்டியிருந்தது. வியாபாரியின் கற்பனை சட்டத்தை விட வேகமாக ஓடுகிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இன்றைய ரிசீவர்களில் பொய் அத்தனை பச்சையாக இல்லை. கொஞ்சம் நாகரிகமாக இருக்கிறது. ‘7 சேனல், ஒவ்வொன்றும் 150 வாட்ஸ்’ என்று பெட்டியில் பெரிதாக இருக்கும். உள்ளே கையேட்டில் பொடி எழுத்தில் ‘6 ஓம், 1 கிலோ ஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது’ என்றிருக்கும். அதாவது மற்ற ஆறு பேரும் சும்மா உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் ஒரே ஸ்வரத்தை, அதுவும் அபஸ்வரம் கலந்து பாடும்போது எடுத்த அளவு அது. நீங்கள் தேட வேண்டிய வரி வேறு: ‘8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்குள், இரண்டு சேனல்கள் இயங்கும்போது’ எத்தனை வாட் என்பது. அந்த வரியில் 70 அல்லது 80 என்று இருந்தால் நம் வீட்டு ஹாலுக்கு அது கர்ணனுடைய கை. அப்படி ஒரு வரியே இல்லாத சாமானை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. ரிசீவரின் பின்பக்கம் அது மின்சாரம் எடுக்கும் அளவை அச்சிட்டிருப்பார்கள். இது நிரூபணம் ஆகாது. அந்த அளவை எடுக்கும் முறை வேறு. மேலும் கண நேர உச்சத்துக்கு உள்ளே இருக்கும் கப்பாசிடர்கள் கைகொடுக்கும். ஆனாலும் 400 வாட் எடுக்கும் பெட்டி, ஏழு சேனலுக்கும் 150 வீதம் 1050 வாட் தொடர்ந்து கொடுக்க முடியாது என்பதற்கு டிப்ளமோகூட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். பெட்டியைத் தூக்கியும் பாருங்கள். பழைய பாணி டிரான்ஸ்பார்மர் வைத்த ரிசீவர் என்றால் கனம் இருந்தாக வேண்டும்.

வாட்ஸுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது ‘ஓம்’ கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கரை விட 4 ஓம் ஸ்பீக்கர் அதே வோல்டேஜில் இரண்டு மடங்கு கரண்டை இழுக்கும். சாதாரண ரிசீவர்கள் பல 6 ஓமுக்குக் குறைந்த ஸ்பீக்கரை ஏற்பதில்லை என்று கையேட்டிலேயே எச்சரிக்கின்றன. ‘ஒரே ஜோடி டெர்மினலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமாக இணைத்தால் சத்தம் பிரமாதம்’ என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி இணைத்தால் சுமை 4 ஓம் ஆகிவிடும். ரிசீவர் சூடேறிப் பாதுகாப்பு சர்க்கியூட் அணைத்துவிடும். பாதுகாப்பு இல்லாத மலிவுச் சாமான் என்றால் புகைதான்.

நம் குடும்பங்களுக்கென்றே உரிய ஆபத்து ஒன்று உண்டு. பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். வரும்போது ஆசையாக ஒரு ரிசீவர் தூக்கி வருகிறார்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 சைக்கிள். இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். பிளக் மாற்றும் அடாப்டரைப் போட்டுச் சொருகிவிட்டால் வோல்டேஜ் மாறிவிடாது. நேராகச் சொருகினால் ஒரு நொடியில் கதை முடிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டாலும் 60 சைக்கிளுக்கென்று செய்த டிரான்ஸ்பார்மர் 50 சைக்கிளில் கூடுதலாகச் சூடாகும். இங்கே வாரண்டியும் பெரும்பாலும் செல்லாது. பின்பக்கத்தில் 230 வோல்ட் என்றோ, 100 முதல் 240 வரை என்றோ அச்சிட்டிருந்தால் ஒழிய, அன்பை வேறு வடிவில் கொண்டு வரச் சொல்லுங்கள்.

சரி, எத்தனை ஸ்பீக்கர்? 5.1 என்பது முன்னால் இடது, வலது, நடு. பின்னால் அல்லது பக்கவாட்டில் இரண்டு. கனத்த ஒலிக்கு ஒரு சப்-ஊஃபர். 7.1 என்றால் இன்னும் இரண்டு. டால்பி அட்மாஸ் என்றால் தலைக்கு மேலேயும் சில. 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியில் வந்தபோது நாம் வியந்தோம். 2013-ல் ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி ஒலியில் கூரையிலிருந்தும் பேசியது. தியேட்டருக்கு அது பொருந்தும். பத்துக்குப் பன்னிரண்டோ, பத்துக்குப் பதினாறோ உள்ள நம் ஹாலில், ஒரு பக்கம் பால்கனிக் கதவும் இன்னொரு பக்கம் சமையலறை வாசலுமாக இருக்கையில், பின் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? சோபா சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. காதுக்கு அரை அடியில் ஒரு ஸ்பீக்கரை மாட்டினால் அது சரவுண்ட் ஒலி ஆகாது, தொந்தரவு.

என் கட்சி இதுதான்: முதலில் மூன்றை ஒழுங்காக வாங்குங்கள். முன் இடது, முன் வலது, நடு. இவற்றில் நடு ஸ்பீக்கர்தான் ராஜா. சினிமாவில் பேச்சு பெரும்பாலும் அதன் வழியாகவே வருகிறது. வீட்டில் வயதானவர்கள் “என்னடா சொல்றான், ஒண்ணும் புரியலியே” என்று கேட்டுக்கொண்டே இருப்பதும், இளையவர்கள் சத்தத்தைக் கூட்ட, உடனே சண்டைக்காட்சி வந்து எல்லோரும் திடுக்கிடுவதும் எத்தனை வீடுகளில் நடக்கிறது! வயதாக ஆக உச்ச ஸ்தாயி ஒலிகள் காதுக்குக் குறைந்துகொண்டே வரும். வார்த்தைகளைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகள் பல அங்கேதான் இருக்கின்றன. மொத்தச் சத்தத்தைக் கூட்டுவதால் இது தீராது. தரமான நடு ஸ்பீக்கரை டி.வி.க்குக் கீழே, உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்த்தபடி வைத்து, ரிசீவரில் அந்த ஒரு சேனலை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டிவிட்டால் பாட்டிக்கும் வசனம் புரியும். பேரன் விரும்பும் வெடிச் சத்தத்தை விட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

ஒலிப்பதிவு செய்பவர்களின் உழைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் பூனாவின் திரைப்படக் கல்லூரியில் படித்த ரசூல் பூக்குட்டி, 2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ‘மகாநதி’, ‘லகான்’ படங்களுக்குத் தேசிய விருது பெற்ற ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் 2008-ல் மறைந்தார். இவர்கள் ஒரு பெருமூச்சுக்கும் ஒரு பறவைக் குரலுக்கும் இடம் ஒதுக்கிச் செய்த வேலை, ‘பாஸ்’ குமிழைக் கடைசி வரை திருகிய வீட்டில் அடிபட்டுப் போகிறது.

அந்த ‘பாஸ்’ சமாசாரம் அக்கம்பக்கத்தாரையும் பாதிக்கிறது. சப்-ஊஃபருக்குள் அதற்கென்று சொந்த ஆம்ப்ளிபயர் இருக்கும். ரிசீவருக்கு அதனால் சுமை இல்லை. சொல்லப்போனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள ஒலியை அதனிடம் ஒப்படைத்துவிட்டால் ரிசீவரின் பாரம் குறையும். ஆனால் அந்தக் கனத்த ஒலிதான் சுவரையும் தரைத் தளத்தையும் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. விதியை விடுங்கள், பக்கத்து வீட்டு மராட்டியக் குழந்தைக்கு மறுநாள் பரீட்சை. வெளியூரில் நமக்கு நல்ல பெயரைத் தருவதும் கெடுப்பதும் இம்மாதிரி சின்ன விஷயங்கள்தான். சப்-ஊஃபரைப் பொதுச்சுவரில் ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள். ரிசீவரில் ‘நைட் மோடு’ என்று இருப்பது உச்சங்களை அமுக்கிப் பேச்சைத் தூக்கும். பத்து மணிக்கு மேல் அதைப் போட்டுவிடுங்கள்.

ஒயரில் நடக்கும் கொள்ளையையும் சொல்லிவிடுகிறேன். தடித்த உறை போட்டு மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விற்கும் ஸ்பீக்கர் ஒயர் நமக்குத் தேவையில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் பத்து மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.15 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே அல்ல. தப்கீர் கல்லியில் எந்த எலெக்ட்ரிக் கடையிலும் நல்ல கம்பெனி ஒயர் கிடைக்கும். பிளஸ், மைனஸ் மாறாமல் பாருங்கள். மாறினால் கனம் காணாமல் போகும். எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்கில் மட்டும் சொருகுங்கள். ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள்; பல சமயம் குற்றவாளி அதுவாகத்தான் இருக்கும். ரிசீவரை ஷோகேஸுக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தாதீர்கள். ஏப்ரல், மே பூனா வெயிலில் அதற்கும் மூச்சு முட்டும். மேலே நாலு விரற்கடையாவது இடம் வேண்டும்.

மறுப்புகள் எனக்குத் தெரியாமல் இல்லை. “ஆம்ப்ளிபயர் பெரிதாக இருந்தால் நல்லதுதானே, சிறியதைத் திருகினால்தானே ஸ்பீக்கர் எரியும்” என்பார்கள். உண்மைதான். சக்தி போதாத ஆம்ப்ளிபயரைக் கடைசி வரை முடுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, அதனால் ட்வீட்டர் கருகும். அதனால்தான் கணக்குப்படி 56 வேண்டிய இடத்தில் 70, 80 என்று சொன்னேன். கையிருப்பு வேண்டும், ஆனால் நாணயமான 80 வாட், பொய்யான 150-ஐ விட அதிகக் கையிருப்பு. “இத்தனை தொல்லை எதற்கு, ஒரு சவுண்ட்-பார் போதாதா?” என்று ஹிஞ்சவாடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் கேட்கிறார்கள். பதினொரு மாதத்துக்கு ஒரு முறை வீடு மாறும் வாடகைக் குடித்தனத்துக்கு அது போதும், மறுக்கவில்லை. ஆனால் சொந்த வீட்டில் கச்சேரியும் கேட்க விரும்புகிறவர்களுக்கு அது ஈடாகாது. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாக, தம்பூரா பின்னால், வயலின் ஓரமாக என்று மேடையைக் கண்முன் கொண்டு வர, ஆறேழு அடி இடைவெளியில் இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் வேண்டும். அந்த இரண்டோடு ஆரம்பித்து, பிறகு நடு ஸ்பீக்கர், பிறகு சப்-ஊஃபர், இடம் இருந்தால் மட்டும் பின் ஸ்பீக்கர் என்று வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். ரிசீவர் முறையில் உள்ள சௌகரியமே அதுதான்.

முடிவாக ஒன்று சொல்கிறேன். கடைக்குப் போகும்போது பணத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள். ஹாலின் நீள அகலத்தை எழுதிக்கொண்டு போங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு தமிழ்ப் பாட்டையும், வசனம் நிறைந்த ஒரு தமிழ்ப் படத்தையும் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் வெடிச் சத்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டில் சாகித்யம் புரிகிறதா, படத்தில் பெரியவருக்கு வசனம் கேட்கிறதா என்று பாருங்கள். அவர் தலையை ஆட்டிய பிறகு கையேட்டை வாங்கி, நான் சொன்ன அந்தப் பொடி எழுத்து வரியைத் தேடுங்கள். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும், மிச்சத்தில் ரிசீவர். நம் சங்கத்தில் மின்சாரமும் எலெக்ட்ரானிக்ஸும் தெரிந்த ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கையேட்டை அவர்களில் ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு டம்ளர் காபிக்கு மேல் அவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள்.